கணக்கு இடித்தால் விடாதீர்கள்

கொடைக்கானல் மேல்மலை ஊர்களைப் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு விளைகிற சரிவுகள் இவை. மூட்டை மலையிறங்கி வடுகபட்டிச் சந்தைக்குப் போகிறது. விற்ற பணம் முன்பெல்லாம் மடியில் முடிந்து வந்தது. இப்போது போனுக்கு வருகிறது. அதனால்தான் கவுஞ்சி டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூண்டு விவசாயி ஒருவர் கேட்டார்: "ஏன் தம்பி, கம்ப்யூட்டரை ஒடச்சுப் பணத்த எடுத்துட்டான்னு டிவியில சொல்றாங்களே, எதத்தான் ஒடைக்கிறான்? பூட்டையா, பொட்டியையா?"

ஹேக்கிங் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான். இரண்டு டீ குடிக்கிற நேரமாவது பிடிக்கும் பதில். கவுஞ்சியில் சொன்னதை இங்கே விரித்துச் சொல்கிறேன்.

கம்ப்யூட்டருக்கு ஆளைத் தெரியாது. சரியான பெயரும் சரியான ரகசியச் சொல்லும் வந்தால் உள்ளே விடும். உள்ளே வந்தவர் சொன்ன வேலையைச் செய்யும். திருடன் தேடுவது இந்த இடத்தைத்தான். இன்னொருவர் பெயரில் உத்தரவு போடும் நிலைக்கு அவன் எப்படியாவது வந்துவிட்டால், பிறகு எதையும் உடைக்க வேண்டியதில்லை. பணத்தை எடுத்துக் கொடுக்கிற வேலையை வங்கியின் கம்ப்யூட்டரே ஒழுங்காகச் செய்துவிடும்.

"அண்ணே, வருசக்கணக்கா சரக்கு போடுற கமிஷன் கடைக்கு நீங்க ஒரு சீட்டு எழுதி அனுப்புறீங்க. இந்தச் சீட்டைக் கொண்டுவர்ற டிரைவர்கிட்ட என் கணக்குல ஐயாயிரம் கொடுத்தனுப்பவும்னு. கடைக்காரர் கொடுப்பாரா, மாட்டாரா?"

"கொடுப்பாரு. எங்கையெழுத்து அவருக்குத் தெரியுமே."

"ஒருத்தன் உங்க வீட்டுக்குள்ளயே வந்து, உங்க நோட்டுலயே தாள் கிழிச்சு, உங்க கையெழுத்தையும் அப்படியே போட்டு அனுப்பினா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். கடைக்காரர் மேல் குற்றமில்லை, சீட்டும் நிஜமான நோட்டிலிருந்து வந்ததுதான், எழுதிய கை மட்டும் வேறு. உலகத்து வங்கிகள் ஒன்றுக்கொன்று எழுதிக்கொள்கிற இப்படிப்பட்ட சீட்டுகளைக் கொண்டுபோகும் அமைப்புக்கு ஸ்விஃப்ட் என்று பெயர். 1973-இல் பெல்ஜியத்தில் தொடங்கியது. 200-க்கும் மேற்பட்ட நாடுகளில் 11,000-க்கும் அதிகமான நிறுவனங்கள் இதில் இருக்கின்றன. அந்த வழியில் பணம் நகர்வதில்லை. "இவ்வளவு கொடு" என்ற செய்திதான் போகிறது. செய்தியை நம்பி எதிர்முனை வங்கி பணத்தைக் கொடுக்கிறது.

கும்பகோணம், 2018

இப்படி ஒரு பொய்ச் சீட்டு நம் ஊர் வங்கி ஒன்றின் பெயரிலேயே போயிருக்கிறது. சிட்டி யூனியன் வங்கி 1904-இல் கும்பகோணம் வங்கி என்ற பெயரில் தொடங்கியது. டெல்டா விவசாயிகளும் வியாபாரிகளும் தலைமுறை தலைமுறையாகக் கணக்கு வைத்திருக்கும் வங்கி. 2018 பிப்ரவரி 7-ஆம் தேதி அங்கே வழக்கமான வேலையாகக் கணக்கு நேர் பார்த்தார்கள். நாம் அனுப்பியது இவ்வளவு, வெளிநாட்டு வங்கியில் நம் கணக்கிலிருந்து போனது இவ்வளவு என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அந்த வேலை. கணக்கு இடித்தது. வங்கியில் யாருமே அனுப்பாத மூன்று தொகைகள் வெளியே போயிருந்தன.

முதல் தொகை 5 லட்சம் டாலர். நியூயார்க் ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு வங்கி வழியாகத் துபாய்க்குப் போக இருந்தது. இரண்டாவது 3 லட்சம் யூரோ, பிராங்க்பர்ட் வழியாகத் துருக்கிக்கு. மூன்றாவது 10 லட்சம் டாலர், பாங்க் ஆஃப் அமெரிக்கா வழியாகச் சீனாவுக்கு. மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 20 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் பன்னிரண்டு கோடி ரூபாய்க்கும் மேல்.

கண்டுபிடித்ததும் மூன்று வழியிலும் இருந்த வங்கிகளுக்குத் தகவல் பறந்தது. துபாய்ப் பணம் வழியிலேயே நிறுத்தப்பட்டுத் திரும்பி வந்தது. துருக்கிப் பணத்தை அங்கிருந்த வங்கி முடக்கி வைத்தது. சீனாவுக்குப் போனதை மட்டும் போலி ஆவணங்களைக் காட்டி ஒருவர் உரிமை கொண்டாடிவிட்டார். பத்து நாள் கழித்து வங்கி இவை அத்தனையையும் தன் வாயால் ஊருக்குச் சொன்னது. இது பல நாடுகளில் ஆள் வைத்து நடத்திய சதி என்றார் அதன் அன்றைய நிர்வாக இயக்குநர் என்.காமகோடி. வங்கி ஊழியர் யாருக்கும் இதில் பங்கு இருப்பதாகத் தெரியவில்லை என்றும் வங்கி சொன்னது.

இந்தக் கதையில் ஒரு சின்னச் சங்கதி உண்டு. ஸ்விஃப்ட் இயந்திரத்தோடு ஒரு பிரிண்டர் இணைந்திருக்கும். எந்த உத்தரவு போனாலும் அதற்கு எதிர்முனையிலிருந்து வரும் ஒப்புகை அதில் அச்சாகி விழும். காலையில் வரும் ஊழியர் அந்தத் தாளைப் பார்த்தாலே நேற்று மாலை என்ன போனது என்று தெரிந்துவிடும். ஹேக்கர்கள் அந்தப் பிரிண்டரைச் செயலிழக்க வைத்திருந்தார்கள். பணத்தை எடுப்பதற்கு இணையாக, எடுத்தது தெரியவராமல் பார்த்துக்கொள்வதிலும் அவர்கள் உழைத்திருக்கிறார்கள்.

டாக்காவில் நின்ற பிரிண்டர்

அதே வித்தை இரண்டு வருடம் முன்பு வங்காளதேசத்தில் நடந்திருந்தது. 2016 பிப்ரவரி 4, வியாழக்கிழமை இரவு. வங்காளதேசத்தின் மத்திய வங்கி நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் வைத்திருந்த பணத்திலிருந்து ஏறத்தாழ 95 கோடி டாலர் எடுக்கச் சொல்லி 35 உத்தரவுகள் போயின. ஒரு வருடம் முன்பே, வேலை கேட்டு வரும் விண்ணப்பம் போல மின்னஞ்சல் அனுப்பித் திருடர்கள் உள்ளே நுழைந்திருந்தார்கள். அவ்வளவு நாளும் யார் எப்போது வருகிறார், எப்படி உத்தரவு எழுதுகிறார் என்று உள்ளேயே உட்கார்ந்து கவனித்திருக்கிறார்கள்.

நாளைத் தேர்ந்தெடுத்த விதத்தைப் பாருங்கள். வங்காளதேசத்தில் வெள்ளி, சனி விடுமுறை. நியூயார்க்கில் சனி, ஞாயிறு விடுமுறை. பணம் போய்ச் சேர்ந்த மணிலாவில் திங்கட்கிழமை சீனப் புத்தாண்டு விடுமுறை. ஒருவர் வேலையில் இருக்கும்போது இன்னொருவர் வீட்டில் இருப்பார். விடுமுறையானாலும் வெள்ளிக்கிழமை வேலைக்கு வந்த அதிகாரி பிரிண்டர் நின்றிருப்பதைப் பார்த்தார். பிரிண்டர் அவ்வப்போது கோளாறு செய்வது வழக்கம்தான் என்று விட்டுவிட்டார்கள். அந்த ஒரு நாள் திருடர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

95 கோடியில் பெரும்பகுதியை நியூயார்க் வங்கி சந்தேகப்பட்டு நிறுத்திவிட்டது. 8.1 கோடி டாலர் மணிலா போய்ச் சேர்ந்து, பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளுக்குள் கரைந்தது. 2 கோடி டாலர் இலங்கையில் ஒரு அறக்கட்டளையின் பெயருக்கு வந்தது. அந்த உத்தரவில் 'ஃபவுண்டேஷன்' என்று எழுத வேண்டியதை 'ஃபண்டேஷன்' என்று தப்பாக எழுதியிருந்தார்கள். வழியில் இருந்த டாய்ச்சு வங்கி அந்தப் பிழையைப் பார்த்து, இது சரிதானா என்று டாக்காவைக் கேட்டது. அந்தப் பணம் மீண்டது. கேள்வி கேட்ட அந்த ஊழியருக்குத் தான் ஒரு திருட்டைப் பிடிக்கிறோம் என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எழுத்து இடித்தது, கேட்டார், அவ்வளவுதான். வங்காளதேச மத்திய வங்கியின் ஆளுநர் அடுத்த மாதமே பதவி விலக நேர்ந்தது. 2018-இல் அமெரிக்க நீதித்துறை இந்த வழக்கில் வடகொரியாவைச் சேர்ந்த ஒருவர் மீது குற்றம் சாட்டியது.

75 சென்ட் வித்தியாசம்

கணக்கு இடித்ததால் ஹேக்கர் பிடிபடுவது புதிய கதை அல்ல. 1986-இல் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தும் ஒவ்வொரு துறைக்கும் நேரக் கணக்குப் பார்த்து வாடகை போடுவார்கள். ஒரு மாதம் கணக்கில் 75 சென்ட் உதைத்தது. முக்கால் டாலர். அங்கே புதிதாக வேலைக்கு வந்திருந்த கிளிஃபோர்ட் ஸ்டோல் என்ற வானியலாளரிடம், இது ஏன் என்று பார் என்று ஒப்படைத்தார்கள். யாரும் சட்டை செய்யாமல் விட்டிருக்கக்கூடிய தொகை. அவர் விடவில்லை.

வாடகை கட்டாமல் யாரோ சில நொடிகள் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தியிருப்பது தெரிந்தது. வெளியிலிருந்து வரும் தொலைபேசி இணைப்புகள் ஒவ்வொன்றிலும் கடன் வாங்கி வந்த பிரிண்டர்களை மாட்டி, உள்ளே வருகிறவன் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் தாளில் அச்சடிக்க வைத்தார் ஸ்டோல். மாதக்கணக்கில் காத்திருந்தார். தாளில் வந்து விழுந்தவை அமெரிக்க ராணுவக் கம்ப்யூட்டர்களின் பெயர்கள். தொலைபேசி வழியைப் பின்தொடர்ந்து போனால் அது மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரில் ஒரு இளைஞன் வீட்டில் போய் நின்றது. எடுத்த தகவல்களை அவனும் கூட்டாளிகளும் சோவியத் உளவுத்துறைக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள்.

அவன் பயன்படுத்தியவற்றில் பல, கம்ப்யூட்டர் வாங்கும்போது கம்பெனி வைத்துக் கொடுக்கிற ரகசியச் சொற்கள். வாங்கியவர்கள் மாற்றாமலே விட்டிருந்தார்கள். இன்றைக்கும் வீட்டு வைஃபை பெட்டியிலும் சிசிடிவி கேமராவிலும் அதே தப்பு நடக்கிறது. நாற்பது வருடத்தில் இயந்திரம் மாறியிருக்கிறது. இந்தப் பழக்கம் மாறவில்லை.

இரண்டு வருடம் கழித்து, 1988 நவம்பர் 2-ஆம் தேதி, ராபர்ட் மோரிஸ் என்ற அமெரிக்க மாணவர் எழுதிய ஒரு நிரல் தானாகவே கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் பரவியது. அப்போது இணையத்தில் இருந்ததே சுமார் 60,000 கம்ப்யூட்டர்கள். அவற்றில் பத்தில் ஒரு பங்கு முடங்கியதாக மதிப்பிட்டார்கள். ஆபத்து வந்தால் யாரிடம் சொல்வது, யார் மற்றவர்களுக்குச் சொல்வது என்று ஓர் ஏற்பாடே இல்லை என்பது அன்று எல்லாருக்கும் உறைத்தது. அதன் பிறகுதான் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் முதல் அவசர உதவிக் குழு உருவானது. இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17-இல் நடைமுறைக்கு வந்தது. செர்ட்-இன் என்ற தேசிய அவசர உதவிக் குழு 2004-இல் தொடங்கியது.

கூடங்குளத்தில் ஒரு நாள் தாமதம்

அந்த செர்ட்-இன் 2019 செப்டம்பர் 4-ஆம் தேதி இந்திய அணுமின் கழகத்துக்கு ஒரு எச்சரிக்கை அனுப்பியது. கூடங்குளம் அணுமின் நிலையத்தில் ஒரு கம்ப்யூட்டருக்குள் தீய நிரல் புகுந்திருக்கிறது என்பதே செய்தி. டிட்ராக் என்று அதற்குப் பெயர். புகுந்த கம்ப்யூட்டரிலிருந்து தகவல்களைத் திரட்டி வெளியே அனுப்புகிற வகை. அணுசக்தித் துறை வல்லுநர்கள் உடனே விசாரித்தார்கள். ஊருக்குத் தெரிந்தது அக்டோபர் கடைசியில், சமூக வலைத்தளத்தில் ஒருவர் எழுதிய பிறகு.

அக்டோபர் 29-ஆம் தேதி மின்நிலையம் வெளியிட்ட அறிக்கை, பரவும் தகவல் பொய் என்றது. அணு உலையின் கட்டுப்பாட்டு அமைப்பு வெளி இணைப்பு எதுவும் இல்லாமல் தனியாக இருப்பதால் தாக்குதலே சாத்தியமில்லை என்றது. மறுநாள் அணுமின் கழகம், ஆமாம், தீய நிரல் இருந்தது என்று ஒப்புக்கொண்டது. அது நிர்வாக வேலைக்காக இணையத்தில் இணைந்திருந்த ஒரு கம்ப்யூட்டரில் இருந்தது. உலையை இயக்கும் வலைப்பின்னல் அதிலிருந்து பிரிக்கப்பட்டது, பாதிக்கப்படவில்லை என்று விளக்கியது.

பிரித்து வைப்பது நல்ல ஏற்பாடு. உலையின் கம்ப்யூட்டருக்கும் அலுவலகக் கம்ப்யூட்டருக்கும் நடுவே கம்பியே இல்லை என்றால் அலுவலகத்தில் புகுந்தவன் அங்கிருந்து நேராக உலைக்குப் போக முடியாது. மக்களுக்கு அது புரியும். முதல் நாளே நிதானமாக இதைச் சொல்லியிருக்கலாம். முதல் நாள் மறுப்பு, இரண்டாம் நாள் ஒப்புதல் என்று வந்தபோது, இரண்டாம் நாள் சொன்ன உண்மையையும் பலர் நம்பவில்லை. கூடங்குளத்தைச் சுற்றிக் கடலோரத்தில் வாழ்கிறவர்களுக்கு அந்த நம்பிக்கை எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. பாதுகாப்பில் ஒளிவுமறைவு திருடனுக்கு மட்டுமே உதவும்.

கண்டுபிடித்துச் சொல்கிறவர்கள்

ஹேக்கர் என்றாலே திருடன் என்று நினைக்க வேண்டாம். அதே அறிவை ஓட்டையைக் கண்டுபிடித்து உரியவரிடம் சொல்லவும் பயன்படுத்தலாம். தமிழ்நாட்டைச் சேர்ந்த லக்ஷ்மண் முத்தையா இதில் பெயர் பெற்றவர். 2019-இல் அவர் செய்தது ஓடிபி என்ற சங்கதியையே நமக்குப் புரியவைக்கும்.

இன்ஸ்டாகிராமில் ரகசியச் சொல் மறந்துபோனால் போனுக்கு ஓடிபி என்கிற ஆறு இலக்க எண் வரும். பத்து நிமிடத்துக்குள் அதைப் போட வேண்டும். ஆறு இலக்கம் என்றால் 000000 முதல் 999999 வரை 10 லட்சம் எண்கள். ஒருவன் பத்து நிமிடத்துக்குள் பத்து லட்சத்தையும் போட்டுப் பார்த்துவிட்டால் எந்தக் கணக்கையும் திறந்துவிடலாம். அதைத் தடுக்கத்தான், ஒரே இடத்திலிருந்து நிறைய முயற்சி வந்தால் நிறுத்திவிடுவார்கள். முத்தையா ஒரே நேரத்தில் பல இடங்களிலிருந்து அனுப்பிப் பார்த்தார். 1,000 இணைய முகவரிகளிலிருந்து 2 லட்சம் எண்கள் போயின. தடுப்பு வேலை செய்யவில்லை. 5,000 முகவரிகள் இருந்தால் பத்து லட்சத்தையும் முடித்துவிடலாம், வாடகைக் கம்ப்யூட்டருக்குச் செலவு 150 டாலர்தான் ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அதை வைத்து யார் கணக்கையும் அவர் திருடவில்லை. இன்ஸ்டாகிராமை நடத்தும் ஃபேஸ்புக்குக்கு எழுதினார். அவர்கள் ஓட்டையை அடைத்து, 30,000 டாலர் பரிசு கொடுத்தார்கள். 2021-இல் மைக்ரோசாஃப்டிலும் இதே வகை ஓட்டையைக் காட்டி 50,000 டாலர் பெற்றார்.

இதில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்று. ஓடிபியை ஊகித்துக் கண்டுபிடிக்க ஆயிரக்கணக்கில் இயந்திரம் வேண்டும், திறமை வேண்டும், இன்னும் அடைக்காத ஓட்டை வேண்டும். உங்களிடம் போன் பண்ணிக் கேட்க ஒரு சிம் கார்டு போதும். அதனால்தான் வங்கியின் கதவைத் தட்டுகிறவர்களைவிட உங்கள் போனை அடிக்கிறவர்கள் பல மடங்கு அதிகம்.

கவுஞ்சியின் போனுக்குள் எப்படி வருகிறான்

இப்போது பரவலாக நடப்பதை ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் தெரிந்தவர் எண்ணிலிருந்து ஒரு கோப்பு வருகிறது. பிஎம் கிசான் என்றோ, டிராஃபிக் அபராதம் என்றோ, கல்யாணப் பத்திரிகை என்றோ பெயர் இருக்கும். அந்தத் திட்டத்தில் வருடத்துக்கு மூன்று தவணையாக 2,000 ரூபாய் வீதம் வாங்குகிற விவசாயிக்கு முதல் பெயரைப் பார்த்ததும் தொடத் தோன்றும். கோப்பின் பெயர் ஏபிகே என்று முடிகிறதா என்று பாருங்கள். போட்டோவும் கடிதமும் அப்படி முடியாது. ஏபிகே என்றால் அது ஒரு ஆப். போனுக்குள் குடியேறி வேலை செய்யப்போகிற நிரல்.

தொட்டதும் போனே ஒரு தடவை எச்சரிக்கும், தெரியாத இடத்திலிருந்து வருகிறது, அனுமதிக்கவா என்று. "சரி" கொடுத்தால் அடுத்து அந்த ஆப், எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். அதற்கும் "சரி" கொடுத்தால் வேலை முடிந்தது. இனி உங்களுக்கு வரும் ஒவ்வொரு ஓடிபியும் அதே நொடியில் திருடனுக்கும் போகும். நீங்கள் யாரிடமும் எண்ணைச் சொல்லவில்லை, ஆனாலும் பணம் போகும். வங்கி அனுப்பும் "பணம் எடுக்கப்பட்டது" என்ற எஸ்எம்எஸ்ஸைக்கூடச் சில ஆப்கள் கண்ணில் படாமல் மறைத்துவிடும். கும்பகோணத்தில் பிரிண்டரை நிறுத்திய காரியம்தான் இது. கடைசியில் உங்கள் வாட்ஸ்அப்பிலிருந்தே அதே கோப்பு உங்கள் சொந்தபந்தங்களுக்குப் போகும். அவர்களும் உங்களை நம்பித் தொடுவார்கள்.

"அப்ப தெரிஞ்சவங்க அனுப்பினாலும் தொடக் கூடாதா?" என்று கேட்டார் டீக்கடை அக்கா.

"தொடாதீங்க யக்கா. அவங்களுக்கு ஒரு போன் போட்டு, நீங்கதான் அனுப்புனீங்களான்னு கேளுங்க."

டாய்ச்சு வங்கி ஊழியரும் இப்படித்தான் அனுப்பியவரையே திருப்பிக் கேட்டார். நாம் கேட்கும்போது, செய்தி வந்த வழியிலேயே கேட்காமல், வேறு வழியில் கேட்க வேண்டும். வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று போன் வந்தால் வைத்துவிட்டு, பாஸ்புக்கிலோ கார்டின் பின்பக்கத்திலோ அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் வந்து, உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம் என்று மிரட்டினால் வைத்துவிடுங்கள். இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. யுபிஐயில் ரகசிய எண் போட வேண்டியது பணம் கொடுப்பதற்கு. பணம் உங்களுக்கு வர நீங்கள் எதுவும் போட வேண்டியதில்லை. பூண்டுக்கு முன்பணம் அனுப்புகிறேன், ரகசிய எண்ணைப் போடுங்கள் என்று ஒருவன் சொன்னால் அவன் வியாபாரி அல்ல.

பேசுகிறவனுக்கு உங்கள் பெயர், பிறந்த தேதி, பாலிசி எண் எல்லாம் தெரிந்திருக்கலாம். அதை வைத்து நம்பிவிடாதீர்கள். 2024-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள், மருத்துவ அறிக்கைகள் உட்பட, டெலிகிராமில் கேட்டால் கிடைக்கும் நிலைக்கு வந்தன. 3 கோடிப் பேருக்கு மேல் விவரம் கையில் இருப்பதாக ஹேக்கர் சொல்லிக்கொண்டான். நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இப்படி வெளியே போன விவரங்கள்தான் பேசுகிறவன் கையில் இருக்கும். உங்கள் விவரம் தெரிந்திருப்பது அவன் வங்கிக்காரன் என்பதற்குச் சாட்சி ஆகாது.

கணக்கை வாடகைக்கு விடாதீர்கள்

இதைப் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்ல வேண்டும். மணிலாவுக்குப் போன பணம் விழுந்த கணக்குகள், திருட்டுக்கு ஒன்பது மாதம் முன்பே, 2015 மே மாதம், பொய்ப் பெயர்களில் 500 டாலர் வீதம் போட்டுத் திறக்கப்பட்டவை. திருட்டுப் பணம் போய் விழுவதற்கு ஒரு கணக்கு எப்போதும் வேண்டும். இன்றைக்கு அந்தக் கணக்குகளை ஏழை வீட்டுப் பிள்ளைகளிடமிருந்து வாங்குகிறார்கள். உன் பாஸ்புக்கையும் ஏடிஎம் கார்டையும் சிம்மையும் கொடு, மாதம் இவ்வளவு தருகிறேன் என்பார்கள். பணம் வந்து போகும். போலீஸ் வரும்போது கணக்கில் இருப்பது அந்தப் பிள்ளையின் பெயர். வழக்கு அந்தப் பெயரில்தான் பதிவாகும். வேலை இல்லாத நேரத்தில் கைக்கு வரும் சில ஆயிரங்களுக்காக ஒரு வாழ்க்கையை அடகு வைக்க எந்த வீடும் இடம் கொடுக்கக் கூடாது.

போய்விட்டால் என்ன செய்வது

முதலில் நேரம். 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். எந்த வங்கி, எவ்வளவு, எத்தனை மணிக்கு, பரிவர்த்தனை எண் என்ன என்று கேட்பார்கள். தகவல் உடனே உங்கள் வங்கிக்கும் பணம் போன வங்கிக்கும் போகும். பணம் அந்தக் கணக்கில் இன்னும் இருந்தால் அங்கேயே நிறுத்தி வைப்பார்கள். அடுத்த கணக்குக்கு நகர்ந்திருந்தால் புகாரும் பின்னாலேயே அந்த வங்கிக்குப் போகும். திருடனும் புகாரும் ஓடுகிற பந்தயம் இது. ஒவ்வொரு மணி நேரத் தாமதத்திலும் பணம் இன்னொரு கணக்கு தாண்டியிருக்கும். தேசியச் சைபர் குற்ற இணையதளத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம். போனில் சந்தேகமான ஆப் இருந்தால் முதலில் அதன் இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு, வேறு போனிலிருந்து பேசுங்கள்.

அடுத்து உரிமை. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-இல் வெளியிட்ட சுற்றறிக்கை, நஷ்டம் யாருடையது என்று பிரித்துச் சொன்னது. அதன்படி, தவறு வங்கியுடையது என்றால் நஷ்டமும் வங்கியுடையது. தவறு உங்களுடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை, வேறெங்கோ ஓட்டை என்றால், வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் சொன்னால் உங்களுக்கு நஷ்டம் இல்லை. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் சொன்னால் உங்கள் நஷ்டத்துக்கு உச்சவரம்பு உண்டு. சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு 10,000 ரூபாய், அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000. ஓடிபியை நீங்களே கொடுத்திருந்தால், புகார் சொல்லும் வரை போனது உங்களுடையது, சொன்ன பிறகு போவது வங்கியுடையது. எந்தப் பிரிவில் வந்தாலும் சீக்கிரம் சொன்னவருக்கே லாபம்.

இவ்வளவு இருந்தும் பலர் சொல்வதில்லை. படித்த பிள்ளைகள் திட்டுவார்கள், ஊர் சிரிக்கும், ஏமாந்தவன் என்று பெயர் வரும் என்று மூடி வைக்கிறார்கள். மூன்று நாள் கழித்து மருமகளிடம் மெல்லச் சொல்லும்போது பணம் பல மாநிலம் தாண்டியிருக்கும். அவர்களிடம் நான் கும்பகோணத்தைத்தான் சொல்வேன். நூறு வருடத்துக்கு மேல் கணக்கு எழுதிப் பழகிய வங்கி, படித்த அதிகாரிகள், காவலுக்கு மென்பொருள் எல்லாம் இருந்தும் அவர்களையும் ஒருவன் ஏமாற்றினான். அவர்களுக்கே நடந்தது உங்களுக்கு நடந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர்கள் காலையில் கணக்கைப் பார்த்தார்கள், இடித்ததும் மூன்று நாட்டுக்கும் சொன்னார்கள். மூன்றில் இரண்டு தொகை திருடன் கைக்குப் போகாமல் தப்பியதற்கு அந்த வேகம்தான் காரணம்.

வீட்டில் செய்யக்கூடியதும் இதுவே. வாரம் ஒரு முறை யாராவது ஒருவர் பெரியவர்கள் போனில் வங்கிக் கணக்கை எடுத்து, வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு என்று அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். ஒரு ரூபாய் இடித்தாலும் கேளுங்கள். திருடர்கள் முதலில் சின்னத் தொகையை எடுத்து வழி திறந்திருக்கிறதா என்று பார்ப்பது உண்டு. ஏமாந்ததாக யாராவது வந்து சொன்னால் திட்டாமல் முதலில் 1930-க்குப் போடுங்கள். திட்டு வாங்கமாட்டோம் என்று தெரிந்த வீட்டில்தான் ஆட்கள் முதல் மணி நேரத்திலேயே சொல்வார்கள்.